நாவல்காரர் வீட்டுப் பிரிண்டர்

“மாமா, பிரிண்டரே இல்லைன்னு சொல்லுது கம்ப்யூட்டர்!”

மருமகள் திரையைப் பார்த்துக் கத்தினாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது பிரிண்டர்.

“இல்லைன்னா விட்டுடும்மா. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் மாமனார், நாற்காலியை விட்டு அசையாமல்.

“விடறதா? நல்லா இருக்கே!” என்று சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள் அவர் மனைவி. “பதிப்பாளர் பையும் கையுமா ஹால்ல வந்து உட்கார்ந்திருக்கார். அவரை வெறுங்கையோட அனுப்பறதா? நீங்க நாவல் எழுதறதைச் சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கேன். என் மானம் என்னாகிறது?”

மாமனாருக்கு மானத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவர் ஓய்வு பெற்ற மறுவாரமே கடைக்குப் போங்க, காய் நறுக்குங்க, துணி மடிங்க என்று ஆளாளுக்கு ஏவ ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தார் மனிதர். ‘நாவல் எழுதப் போறேன்’ என்று அறிவித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து ராஜ வாழ்க்கைதான். உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டால் போதும், வீட்டில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். வேளாவேளைக்கு டீ வரும். சாப்பிட உட்காரும்போது “இன்னிக்கு நூத்தி எண்பதாவது பக்கம்” என்பார். தட்டில் இன்னொரு கரண்டி கூடுதலாக விழும். இன்று ஏதாவது ஏடாகூடமானால், நாளைக் காலையே கையில் கூடையைத் திணித்துக் கடைக்கு விரட்டிவிடுவார்கள்.

மருமகளோ லேசில் விடுகிற ஆள் இல்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மறுபடியும் தேடச் சொன்னாள். திரையில் நீல வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிரித்தது.

“பேசாம பதிப்பாளர் போனுக்கே அனுப்பிடலாமே, மாமா?”

“அந்தப் பேச்சே கூடாது! ஒரு நிமிஷத்துல ஊரெல்லாம் பரவிடும். காகிதத்துல கொடுத்தாத்தான் எழுத்துக்கு மரியாதை.”

“அடடா, என்ன ஒரு கொள்கை!” என்று உருகினார், அறை வாசலில் வந்து நின்ற பதிப்பாளர்.

மருமகள் பிரிண்டரின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். “அடக் கடவுளே, கம்ப்யூட்டரோட சேர்க்கிற ஒயரையே காணோம்! முதல்லயே இதைப் பார்த்திருக்கணும். மாமா, கொஞ்சம் எழுந்திருங்க.”

“எதுக்கு? எனக்கு மூட்டு வலி.”

“எழுந்திருங்கன்னா!” என்றாள் மனைவி.

எழுந்தார். நாற்காலி மெத்தைக்கு அடியில் சுருண்டு கிடந்தது ஒயர்.

“பார்த்தீங்களா? கதை நினைப்புல எதை எங்க வைக்கிறோம்னே இவருக்குத் தெரியறதில்லை” என்று பதிப்பாளரிடம் பூரித்துப் போனாள் மனைவி.

ஒயரைச் செருகியதும் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் தெரிந்துவிட்டது. மாமனார் மெல்ல இழுத்தார்.

“கடைசி அத்தியாயத்தைக் கொஞ்சம் திருத்தணும்...”

“அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் சார். நீங்க அடிங்க!”

“சரி. ஆனா யாரும் திரையைப் பார்க்கக் கூடாது” என்றார் ஈனஸ்வரத்தில்.

மூன்று பேரும் பயபக்தியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் பட்டனை அமுக்கினார்.

முதல் தாள் வந்தது. கொட்டை எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே அவர் பெயர். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது தாள் வந்தது. வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. அடுத்தடுத்து வந்ததெல்லாம் வெள்ளை வெளேரென்று வந்து விழுந்தது.

“போச்சு, மை தீர்ந்துடுச்சு!” மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “தலைப்பை இவ்வளவு பெருசா போடணுமா, மாமா?”

“சனியன் பிடிச்ச பிரிண்டர்! நாளைக்கே இதைத் தூக்கி எறி” என்று பொரிந்தாள் மனைவி.

பதிப்பாளர் நல்ல மனிதர். “பரவாயில்லை சார். புதுசு வாங்கினதும் கூப்பிடுங்க, ஓடி வர்றேன். அதுவரைக்கும் சும்மா இருக்காம ரெண்டாம் பாகத்தை ஆரம்பிச்சுடுங்க” என்றார்.

“ஆமாங்க, நீங்க உட்காருங்க. நான் சூடா டீ கொண்டு வர்றேன்” என்று சொல்லி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள் மனைவி.

தனியானதும் மாமனார் பிரிண்டரை ஆசையோடு தடவிக்கொடுத்தார். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு வருஷமாக என்டர் பட்டனை மட்டுமே தட்டித் தட்டி அவர் எழுதிய நாவலை, அது ஓர் எழுத்து விடாமல் அச்சடித்துக் கொடுத்திருந்தது.