கூந்தலின் கறுப்பு

ஓவியர் ஒருவர் இறந்துபோன தன் மனைவியைப் பற்றிப் படக்கதை வரைந்துகொண்டிருந்தார். அவருடைய மேசையில் ஒரு தூரிகையும் ஒரு புட்டி மையும் இருந்தன. நாளெல்லாம் தூரிகை மைக்குள் முங்கி எழுந்து காகிதத்துக்கு ஓடும். மை குறையக் குறையத் தூரிகைக்குப் பயம் வந்துவிட்டது.

"இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு. கொஞ்சம் உனக்குன்னு வெச்சுக்கோயேன்" என்றது.

"வெச்சுக்கிட்டாலும் காஞ்சுதான் போவேன். நீ வா" என்றது மை.

கடைசிப் பக்கத்தில் அந்த மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். கூந்தல் முழுக்கக் கறுப்பு வேண்டியிருந்தது. தூரிகை புட்டியின் அடியைத் தடவித் தடவி மையை எடுத்துப்போய்க் கடைசி இழைவரை தீட்டியது. ஓவியர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, காலிப் புட்டியைக் குப்பைக் கூடையில் போட்டார்.

மறுநாள் புது மை வந்தது. "வா, முங்கு" என்று அன்பாகத்தான் கூப்பிட்டது.

"கொஞ்சம் பொறு" என்ற தூரிகை, பக்கத்தில் கிடந்த படத்தின் கூந்தல்மேல் மெல்லச் சாய்ந்தது. மை நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.