பணிவான பதில்

மருந்து நிறுவனத்தின் போன் பிரிவில் செண்பகவல்லிக்கு வேலை. அவள் தமிழில் "ஸ்டாக் இல்லைங்க" என்பாள். காதுக் கருவி அதைப் பணிவான ஆங்கிலமாக்கி அனுப்பும். வாடிக்கையாளர் பேசுவதும் அதே கருவி வழியாகத்தான் வரும்: "நோ ப்ராப்ளம், தேங்க் யூ."

அன்று கருவியில் அவள் கேட்கும் பக்கம் மட்டும் பழுதாகி, பேசுபவர் குரல் மாறாமல் அப்படியே காதில் விழுந்தது. ஒரு பெண் தமிழில் கதறினாள்.

"பாவி, மூணாவது தடவை கேக்கேன்! புள்ளைக்கு மூச்சு இழுக்கு. ஒரு இன்ஹேலர் குடுடி!"

செண்பகவல்லி காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியானால் இத்தனை நாளும் வந்த நன்றிகளெல்லாம்?

"அக்கா, எனக்கும் இழுப்பு உண்டு, என் பையில புதுசு ஒண்ணு இருக்கு. எங்க இருக்கீங்க? இப்பவே கொண்டாரேன்!"

கருவி அனுப்பிய பதில் திரையில் ஓடியது: "சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ். ஹேவ் எ நைஸ் டே."

"நைஸ் டேயாம்ல," என்று அந்தத் தாய் அழுதபடி போனை வைத்தாள்.