அங்க மணி என்ன?

மூன்று நாளாக அப்பாவும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் கதவுகள்தான் படார் படாரென்று பேசின.

அன்று சாயங்காலம் அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். மகள் கதவில் காதை வைத்தாள்.

"காலேஜ்ல ரெண்டு நாட்டுப் பிள்ளைங்களை ஜோடி சேர்த்து ஆன்லைன் வகுப்பு வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? உன் குரலைக் கேக்க வாரம் பூரா காத்திருப்பேன். அங்க இப்ப மணி என்ன?"

மகள் கதவிலிருந்து சட்டென்று விலகினாள். அப்பாவின் அறைக்கு ஓடினாள்.

"அப்பா, அம்மா யார்கிட்டயோ..."

அப்பா தன் ஹெட்போன் மைக்கைப் பொத்திக்கொண்டார். "சண்டை வந்தா நாங்க பழையபடி ஆளுக்கொரு நாட்டுக்குப் போயிடுவோம்மா."

லேப்டாப் திரையில் அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். அப்பா மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"இங்க இப்பதான் விடியுது."