வெள்ளாட்டின் ஓட்டு

காட்டுச் சபையில் வலது முன்னங்காலை உயர்த்துவதுதான் ஓட்டு.

தேன் கொண்டுவருகிறவர்களின் காயத்துக்கு மட்டுமே வைத்தியர் கரடி பச்சிலை கட்டிவந்தது. "எல்லோருக்குமாகச் சபையே கரடிக்குத் தேன் கொடுக்கட்டும். யார் அடிபட்டு வந்தாலும் அது கட்டுப் போடட்டும்" என்று சபைக்குள் ஒரு குழு வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. குழுவுக்குத் தலைமை கழுதை. உறுப்பினர்களில் ஒன்று வெள்ளாடு. கொடுக்கத் தேன் இல்லாததால், ஒடிந்த அதன் வலது முன்னங்கால் கட்டில்லாமல் வீங்கித் தொங்கியது.

ஒருவழியாகத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. வெள்ளாடு பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றது. வலது கால் அசையவில்லை. ஆத்திரத்தில் இடது காலைத் தூக்கிக் குப்புற விழுந்தது.

"ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது. வெள்ளாடு ஆதரிக்கவில்லை" என்றது சபாநாயகர் நரி.

"அடப்பாவி! இந்தக் கால் எழும்பினால் இந்தத் தீர்மானம் எனக்கு எதற்கு?"

"பேச அனுமதி வேண்டுமா? வலது காலை உயர்த்துங்கள், அம்மா."

வெள்ளாடு கழுதையின் பக்கம் திரும்பியது. "தோழர், நீங்களாவது கேளுங்களேன்!"

கழுதை தலையைக் குனிந்துகொண்டது.

"விதி அப்படி இருக்கிறதே, தோழர். அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டுவருவோம். அதற்குள் காலை மட்டும் எங்கேயாவது காட்டிச் சரிபண்ணிக்கொண்டு வந்துவிடுங்கள்."