லேக் மார்க்கெட் காபி

லேக் மார்க்கெட்டிலிருந்து ஜெய்ராம் வாங்கி வந்த ஃபில்டர் காபியைக் குடித்துக்கொண்டே, பத்மஜா அவனை மனதுக்குள் காறித் துப்பினாள்.

பச்சோந்தி! முகர்ஜி மேனேஜராக இருந்தவரை, முட்டைகூடத் தொடாதவன் வங்காளிகளின் இலிஷ் மீனை முள்ளோடு மென்றான். அகர்வால் வந்ததும் வெங்காயத்தையே விட்டான். இப்போது அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். இந்த லட்சணத்தில், சூழ்நிலைக்கேற்ப மாறிக்கொள்வது எப்படி என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுக்க இவனைத்தான் நிர்வாகம் பிடித்துப் போட்டிருக்கிறது.

"புது மேனேஜருக்கு எப்படி மாறப் போறீங்க, ஜெய்ராம்?" என்று குத்தினாள்.

"மாறியாச்சே மேடம்!" என்று இளித்தான். "நீங்கதான் மேனேஜர்னு ஹெட் ஆபீஸ்ல காலையிலேயே சொல்லிட்டாளே!"

அவள் இன்னும் வீட்டில்கூடச் சொல்லாத செய்தி. அவனை முறைத்தாள். டம்ளரைக் காலி செய்தாள்.

"நாளைக்குச் சக்கரை கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்."