இல்லாத நோவு

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. இதே ஆஸ்பத்திரியில் நடந்த கதை இது. சத்தமாகச் சொன்னால் நர்சம்மா அதட்டுவார்.

ஒரு தையல்காரி. அவளுக்கு வயசான அம்மா. அந்த அம்மாவைத் தேடி வந்த வியாதி எதுவும் திரும்பிப் போனதில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி. போதாக்குறைக்கு இரண்டு கண்ணிலும் புரை.

மகள் சளைத்தவளா? வெட்டி மிஞ்சிய துணியில் பை தைத்தாள். காலை மாத்திரைக்கு மஞ்சள் பை, ராத்திரி மாத்திரைக்கு நீலப் பை, சீட்டுகளுக்குப் பூப்போட்ட பை. எந்த டாக்டரை என்றைக்குப் பார்க்கணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

டாக்டரம்மா கேட்பது அம்மாவை. பதில் வருவது மகளிடமிருந்து.

"தூக்கம் எப்படிம்மா?"

"நல்லாத் தூங்குறாங்க டாக்டர்."

"பசி எடுக்குதா?"

"நேரத்துக்குச் சாப்பிட்டுடுவாங்க டாக்டர்."

நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும்தான் அம்மாவுக்கு வாயைத் திறக்க வாய்ப்பு.

அன்றைக்கு முக்கியமான நாள். மகள் அலையாய் அலைந்து அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தாள். 'உடம்பு தாங்கும்' என்று இந்த டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால்தான் கண் ஆஸ்பத்திரியில் கத்தியை எடுப்பார்கள். இல்லையென்றால் தேதி போச்சு.

டாக்டரம்மா சீட்டுகளைப் புரட்டினார்.

"பரவாயில்லையே, எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு. வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்..."

"நீ சும்மா இருடி. என்னைத்தானே கேட்டாங்க?" என்றாள் அம்மா.

பிறகு டாக்டரம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இருக்கு டாக்டரம்மா. எழுந்து நின்னா கிறுகிறுன்னு வருது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடை."

"எப்பம்மா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

"ராத்திரியில அப்படி ஒரு தாகம். சொம்பு சொம்பாக் குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது. குடிச்சது சும்மா இருக்குமா? எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கு."

"ஐயோ, புளுகுறாங்க டாக்டர்! பக்கத்துலதான் நான் படுத்திருக்கேன். ராத்திரி பூரா அசைய மாட்டாங்க."

"பாதம் ரெண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கு டாக்டரம்மா. குத்தினாக்கூடத் தெரியல."

எழுத எடுத்த பேனாவை டாக்டரம்மா கீழே வைத்துவிட்டார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பள்ளிக்கூட உடுப்பு மலையாய்க் குவிந்து கிடக்கிறது. அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்ததற்கு இதுவா கூலி? கடைசி நேரத்தில் இப்படிக் காலை வாருகிறாளே பெற்றவள்!

"கத்திக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லேன். எதுக்கும்மா இல்லாத நோவையெல்லாம் இருக்குன்னு சொல்றே? எழுத வந்தவங்க பேனாவைக் கீழ வச்சுட்டாங்க பாரு! இந்தத் தேதி போனா அப்புறம் யாரு அலையறது?"



டாக்டரம்மா கையமர்த்தினார். "இருங்க, அவங்களே சொல்லட்டும். வேற என்னம்மா?"

"ஊசியில நூல் கோக்க முடியல டாக்டரம்மா. கண்ணை மறைக்குது. அன்னைக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சு. அந்தப் புண்ணு இன்னும் ஆறல."

"ரெண்டு கண்ணுலயும் புரையை வச்சுக்கிட்டு நீங்க எதுக்கும்மா ஊசியைத் தொடுறீங்க?"

"நான் எங்கே தொட்டேன்?" என்றாள் அம்மா.



துணி சுற்றிய விரலை மகள் மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் கண்ணே தெரியலையேம்மா..." என்றாள்.

"கண்ணுலதான்டி புரை. காதுல இல்ல. தடதடன்னு ஓடுற மிஷினு, மிதிக்கிற கால் மரத்துப்போய் இப்போ நின்னு நின்னு ஓடுது. ராத்திரி சொம்பை உருட்டுறது யாரு, பூனையா? நான் அசையாமப் படுத்திருந்தாத்தானே இதெல்லாம் காதுல விழும்!"

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"இவளுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட நான் கேக்கக் கூடாது டாக்டரம்மா. 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்'னு சொல்லிடுவா. எனக்கு உடம்புன்னா மட்டும் விழுந்தடிச்சு ஓடி வருவா. வந்த இடத்துல சொல்லிடணும்னு பார்த்தா, என்னைப் பேச விட்டாத்தானே! இன்னைக்குத்தான் வழி கிடைச்சுது."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மாவின் சீட்டில் 'உடம்பு தாங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து மகளைப் பார்த்தார்.

"நீங்க கையை நீட்டுங்க. முதல்ல பிரஷர் பார்க்கலாம். அப்புறம் ரத்தம் எடுக்கணும்."

"இன்னொரு நாளைக்கு வரேன் டாக்டர். வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று மகள் பைகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் அம்மா மேசையைத் தடவி, சுவரைத் தடவிப் போய், கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.