பன்னிரண்டாவது மீன்

"ஒண்ணே ஒண்ணு போதும் தம்பி. போன வாரம் கொடுத்த அதே சைஸ்ல."

வலையைக் கையில் எடுத்த வண்ண மீன் கடைக்காரர் அப்படியே நின்றார்.

"அக்கா, இது கூட்டமா வாழற ஜாதி. ஒத்தை மீன் வாங்கற ஆளு ஊர்லயே நீங்கதான். மொத்தமா ஆறு எடுத்துட்டுப் போங்களேன். வாராவாரம் அலைய வேணாம்."

"பதிமூணு ஆனாக்கூட அவர் கண்டுபிடிச்சிடுவார். பன்னெண்டுதான் இருக்கணும்."

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுத்திருக்கும் கணவருக்கு, கட்டிலுக்கு எதிரே இருக்கும் தொட்டியில் நியான் டெட்ரா மீன்களை எண்ணுவதுதான் ஒரே வேலை. நான்கு மாதத்துக்கு முன் ஒன்று செத்து மிதந்தபோது, "அடுத்தது நான்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. அவள் ஆடிப்போய், புதிதாக ஒன்றை வாங்கிவந்து மறுபடி பன்னிரண்டாக்கினாள். அன்றிலிருந்து அவர் கண் விழிப்பதற்குள் எழுந்து எண்ணிவிடுவாள். வாரம் தவறாமல் ஒன்று குறையும். பிசியோதெரபிஸ்ட் வந்திருக்கும் ஒரு மணி நேரத்தில் இங்கே ஓடிவருவாள்.

"செத்த உடம்புகூடக் கிடைக்கறதில்ல தம்பி."

"மத்ததுங்களே தின்னு தீர்த்துடும்க்கா. முட்டையையே விட்டு வைக்காத ஜென்மங்க. இங்க வாங்க, ஒரு சமாச்சாரம் காட்டறேன்."

உள் அறையில் கறுப்புத் துணி மூடிய சின்னத் தொட்டி. முட்டை போட்ட கையோடு தாயையும் தகப்பனையும் வெளியேற்றிவிட்டாராம். துணியை ஓரமாக விலக்கினார். கண்ணாடியில் ஊசிமுனை அளவுக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அடேயப்பா! கண்ணைத் தவிர ஒண்ணுமே இல்லையே!"

வாய்விட்டுச் சிரித்தாள். கடைக்காரரின் மனைவி டீ கொடுத்தாள். நாளெல்லாம் நிற்கிற கால்கள், உட்கார்ந்ததும் எழ மறுத்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் பயிற்சி இன்னும் முடியவில்லை. சமையலறையில் ஒரு பாத்திரம் தொட்டித் தண்ணீரில், புது மீன் பழகட்டும் என்று அது இருந்த பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டாள். பிசியோதெரபிஸ்ட் கணவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்த நேரம் பார்த்து, மீனைத் தொட்டிக்குள் நழுவவிட்டாள். அது நேரே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"எங்க போயிருந்தே?" சுவரைப் பார்த்தபடியே கணவர் கேட்டார்.

"மருந்துக் கடைக்குங்க. ஒரே கூட்டம்."

திரும்பிப் படுத்ததும் அவர் எண்ண ஆரம்பித்தார். "பத்து... பதினொண்ணு... பன்னெண்டு. எல்லாம் இருக்கு."

அப்பாடா, இந்த வாரத்துக்குத் தப்பித்தோம் என்றிருந்தது அவளுக்கு. குக்கர் வைக்க உள்ளே போனாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், பிசியோதெரபிஸ்ட் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுத் தொட்டியில இப்ப பதினாறு ஆயிடுச்சு சார். அடுத்ததை எப்ப எடுத்துட்டுப் போகட்டும்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கப்பா. நான் விழுந்ததுலேர்ந்து அவ வாசப்படி தாண்டி நாலு மனுஷங்களைப் பார்க்கறது, அந்த ஒத்தை மீனுக்காக மட்டும்தான்."